கோளாறே எழுதாத விமானம்

சரி... கொஞ்சம் மூச்சு விட்டுக்குவோம். பின்னாடி தூண் ஓரம் உக்காந்திருக்கிறவங்களுக்குக் கேக்குதா? கேக்குதுல்ல? நல்லது. ஒரு குட்டிக் கதை இருக்கு, அதைச் சொல்லிட்டு பிரசங்கத்தைத் தொடர்றேன்.

நாமக்கல்ல நாச்சிமுத்துன்னு ஒருத்தர். நூத்துப்பத்து லாரிக்கு முதலாளி. அவருக்கு ஒரு ஆசை வந்துச்சு. என்ன ஆசை? சொந்தமா ஒரு விமானம் வாங்கணும்! சிரிக்காதீங்க... அவர்கிட்ட காசு இருக்கு, வாங்குறாரு, நமக்கென்ன வயித்தெரிச்சல்? மகளைக் கட்டிக்கொடுத்தது சூரத்துல. மாசம் ரெண்டு தடவ சம்சாரத்தோட போய் வரணும். புதுசு வேண்டாம், பழசு போதும்னு முடிவு பண்ணிட்டாரு. ரெட்டை எஞ்சின், முன்னாடி காத்தாடி சுத்துற டர்போப்ராப். சின்ன ஓடுதளத்துல கூட இறங்கிடும், எட்டு பேர் தாராளமா உக்காரலாம்.

ரெண்டு விமானம் பாத்தாரு. ஒரே கம்பெனி, ஒரே மாடல், ரெண்டுக்கும் வயசு பதினொண்ணு. எதை வாங்குறது? வண்டி வாங்கி வித்துப் பழகின மனுஷன் இல்லையா... பெயிண்டைப் பாத்து ஏமாற மாட்டாரு. "புக்கை எடுங்க"ன்னாரு.

இந்த புக்கு என்னன்னு சொல்லிடுறேன். விமானம் ஒவ்வொரு தடவ இறங்கும்போதும் பைலட் அதுல எழுதணும்... ஏதாவது கோளாறு இருந்துச்சா, இல்லையான்னு. எழுதினா, இன்ஜினியர் வந்து சரிபண்ணி, என்ன பண்ணேன்னு எழுதி, பக்கத்துல கையெழுத்துப் போடணும். கையெழுத்து விழுந்தாத்தான் மறுபடி பறக்கும்.

முதல் விமானத்தோட புக்கைப் புரட்டுறாரு. கோளாறு இல்லை... கோளாறு இல்லை... கோளாறு இல்லை. பதினோரு வருஷம், ஒரு புள்ளி இல்ல! ரெண்டாவது புக்கு? அட ஆண்டவரே... கதவு ரப்பர் தேஞ்சிருக்கு, சக்கரத்துல சத்தம், ஆயில் கசியுது, விளக்கு எரியல... பக்கத்துக்குப் பக்கம் புலம்பல்!

நாச்சிமுத்து பட்டுனு மூடிட்டாரு. "இது சீக்காளிங்க. எனக்கு அந்த மொத விமானம்தான் வேணும்."

கூட வந்திருந்தது ஜெசிந்தான்னு ஒரு அம்மா. நாகர்கோவில்காரங்க, இருபது வருஷமா விமான இன்ஜினியர். வாங்கலாமா வேண்டாமான்னு சோதிச்சுச் சொல்லத்தான் அவங்களைக் கூட்டிட்டுப் போயிருந்தாரு. அவங்க மெதுவா சொன்னாங்க, "ஐயா, எனக்கு அந்த ரெண்டாவதுதான் பிடிச்சிருக்கு."

"ஏனுங்க அம்மிணி, கண்ணு தெரியுதா இல்லையா? எங்க லாரி ஆபீஸ்ல வந்து பாருங்க, அங்கயும் வண்டிக்கு வண்டி இதே மாதிரி கோளாறு எழுதுற புக்கு உண்டு. எந்த டிரைவரோட புக்குல ஒரு கோளாறும் இல்லையோ, அவனுக்கு ஆயுத பூஜை அன்னைக்கு என் கையால அரைப் பவுன் மோதிரம் போடுறேன். எங்க பழனியப்பன் மூணு வருஷமா வாங்குறான், தெரியுமுங்களா?"

அந்த அம்மா வாக்குவாதம் பண்ணல. முதல் விமானத்து இடது எஞ்சின் மூடியைக் கழட்டினாங்க. டார்ச் அடிச்சாங்க. ரொம்ப நேரம் பாத்தாங்க. "ஐயா, கொஞ்சம் ஏணியில ஏறி வாங்க."

ஏறினாரு. எரிபொருள் போற குழாய்... அதுல ஒரு எடத்துல கறுப்பு டேப் சுத்தியிருக்கு. சுத்தி வருஷக்கணக்கா ஆகி, அழுக்கு ஏறி, ஓரத்துல ஈரம்.

"உரசி உரசித் தேஞ்சிருக்கு ஐயா. யாரோ பாத்திருக்காங்க, டேப் சுத்திட்டுப் போயிருக்காங்க. புக்குல இல்ல. இது தெரியாம விட்டது இல்ல... தெரிஞ்சு மறைச்சது. மேல போகும்போது இது விட்டுச்சுன்னா, எஞ்சின் சூட்டுல..."

அந்த அம்மா முடிக்கல. முடிக்கணுமா? அவரு சம்சாரத்தோட போற விமானம்ங்க அது!

இறங்கி வந்தாரு. முகம் செத்துப்போச்சு. செல்போனை எடுத்தாரு. யாருக்குப் போட்டாரு? விமானத் தரகருக்கா? இல்ல... பழனியப்பனுக்கு!

"எங்கடா இருக்கே?"

"தர்மபுரி தாண்டி டீக்கடையில நிக்கிறேனுங்க மொதலாளி. அடுத்து தொப்பூர் மலை இறக்கமுங்க."

"வண்டியில ஏதாவது கோளாறு இருக்கா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க!"

"பழனியப்பா... மோதிரத்தைத் திருப்பிக் கேக்க மாட்டேன். உன் புள்ளைக மேல சத்தியமா சொல்லு."

அந்தப் பக்கம் டீ கிளாஸைக் கீழ வெக்கிற சத்தம் கேட்டுச்சு. அப்புறம்... "மொதலாளி... ரெண்டு மாசமா பிரேக் அடிச்சா வண்டி இடது பக்கம் இழுக்குதுங்க. எழுதலாம்னுதான் நெனச்சேன்... ஆயுத பூஜை வருதுங்களே."

நாச்சிமுத்து அங்கேயே தரையில உக்காந்துட்டாரு. "சாவியை எடுத்து பாக்கெட்ல போட்டுக்கோ. மெக்கானிக்கை அனுப்புறேன். அவன் வர்ற வரைக்கும் வண்டியைத் தொடாதே. சாப்ட்டியா நீ?"

ரெண்டாவது விமானத்தைத்தான் வாங்கினாரு. அது கிடக்கட்டும்.

அன்பானவங்களே... அந்த டேப்பைச் சுத்தினது யாரோ ஒருத்தன். ஆனா பழனியப்பனை மறைக்க வெச்சது யாரு? ஒவ்வொரு வருஷமும் மாலை போட்டு, மோதிரம் போட்டு, கைதட்டி... மறைக்கக் கத்துக்கொடுத்தது யாரு?

இப்ப உங்க வீட்டுக்கு வர்றேன். கணக்குல பெயிலாயிட்டேன்னு வந்து சொல்ற புள்ளைக்கு என்ன கெடைக்குது? அறை. ரேங்க் கார்டுல அப்பா கையெழுத்தைத் தானே போட்டுக்கிட்ட புள்ளைக்கு? "எம்புள்ள தங்கம்!" கடன் வாங்கிட்டேன்னு ஒத்துக்கிற புருஷனுக்கு ஒரு வாரம் சோறு இல்ல. சொல்லாதவனுக்கு மீன் குழம்பு! அப்புறம் ஈஸ்டருக்கு முந்தின இந்தத் தபசு காலத்துல வந்து, "சாமி, எங்க வீட்ல ஒரு குறையும் இல்ல"ன்னு எங்கிட்ட சொல்றீங்க. எனக்குப் பயமா இருக்குங்க. நெஜமாவே பயமா இருக்கு.

நாளைக்குக் காலையில அஞ்சு மணியில இருந்து பாவசங்கீர்த்தனம் கேக்க, நீங்க உங்க பாவத்தை ஒத்துக்கிட்டுச் சொல்றதைக் கேக்க, உக்காந்திருப்பேன். எழுதாத கோளாறை யாராலயும் சரிபண்ண முடியாது. வாங்க. வந்து சொல்லுங்க.

ஆனா... அதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லணும். போன வருஷம் ஒரு மனுஷன் என் ரூமுக்கு வந்தாரு. "சாமி, என்னால குடியை விட முடியல"ன்னு அழுதாரு. நான் என்ன பண்ணேன்? கத்தினேன். வெளிய நின்னவங்களுக்கெல்லாம் கேக்குற மாதிரி கத்தினேன். அதுக்கப்புறம் அவரு கோயில் பக்கமே வரல. அவரைத் தெரிஞ்சவங்க இங்க இருப்பீங்க. இன்னைக்கே அவர்கிட்ட போய்ச் சொல்லுங்க... தப்பு சாமியார் மேலதான், அவரே கூட்டத்துல சொன்னாருன்னு.