வழக்கமான சாவுகள்

அன்று எங்கள் சாப்பாட்டு மேசையில் மூன்று பேர் இருந்தோம்: நான், சுகாதாரத் துறைக்குத் தலைவனான என் மகன், பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரான மருமகள். வேறு யாரும் இல்லை. மின்விசிறி கரகரத்தது, நிறுத்தச் சொன்னேன். சாப்பிடும்போது இரைச்சல் எனக்குப் பிடிக்காது.

ஓய்வுபெற்ற பிறகும் புள்ளிவிவர அலுவலகம் என்னை விடவில்லை. கொள்ளைநோய்ச் சாவுகளில் நாடுகளை ஒப்பிடும் அட்டவணைக்கு எங்கள் எண்ணைத் தருவது என் பொறுப்பு. வழக்கமாக ஓர் ஆண்டில் இத்தனை பேர் சாவார்கள் என்று, முந்தைய ஆண்டுகளின் சராசரியை வைத்து ஒரு கோடு போடுவோம். கோட்டைத் தாண்டியவை மிகை மரணங்கள். மிகை அதிகமுள்ள நாட்டுக்குத்தான் ஆக்சிஜன் கப்பல் முதலில் போகும்.

மிகை மிக அதிகம் என்று எங்கள் எண் அட்டவணையின் அடியில் வந்து நின்றது. அங்கே நின்றது நாடல்ல, என் மகன். எங்கள் குடும்பத்தில் யாரும் எந்த வரிசையிலும் கடைசியாக நின்றதில்லை.

நான் ஒரு சாவையும் மறைக்கவில்லை. நிலநடுக்கம் வந்த ஆண்டைச் சராசரியில் சேர்த்தேன், அவ்வளவுதான். பொதுவாக அதை விலக்கிவிடுவார்கள். நிலநடுக்கத்தில் போனவர்களும் செத்தவர்கள்தானே. கோடு உயர்ந்தது. மிகை காணாமல் போனது.

"ஏன் மாமா, பூகம்பம் என்ன வருஷா வருஷமா வருது?" என்றாள் மருமகள், அன்று அந்தச் சாப்பாட்டு மேசையில்.

"சராசரின்னா நல்லது கெட்டது எல்லாம் சேர்ந்ததுதாம்மா."

"அப்ப என் வார்டுல மூச்சு முட்டுறவங்ககிட்ட என்ன சொல்லட்டும்? கோட்டுக்குக் கீழதான் இருக்கீங்க, பயப்படாதீங்கன்னா?"

மகன் தட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அப்பா போட்டா சரியாத்தான் இருக்கும். விடு."

"பக்கத்து வீட்டு எழவை எண்ணிப் பாத்தா நம்ம வீட்டு எழவு குறைஞ்சிடுமா?"

பெரியவர்கள் முன்னால் பேசும் பேச்சல்ல. பொறுத்துக்கொண்டேன்.

அட்டவணையில் மேலே ஏறினோம். கப்பல் பக்கத்து நாட்டுக்குப் போனது. மகனுக்குப் பதக்கம் கொடுத்தார்கள். முன்வரிசையில் எனக்கு நாற்காலி போட்டிருந்தார்கள்.

பிறகு மருமகளுக்கும் நோய் தொற்றியது. அவள் வேலை பார்த்த வார்டிலேயே கட்டில் கொடுத்தார்கள். ஆக்சிஜன் தீர்ந்துகொண்டிருந்தது. மகன் போனில் அழுதான். "கப்பல்காரங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்கப்பா. நீங்க சொன்னா அனுப்புவாங்க."

அனுப்பியிருப்பார்கள். எண்ணைத் திருத்திக் கொடுத்தால் போதும். ஆனால் திருத்தினால், முதலில் கொடுத்தது பொய் என்றாகும். பதக்கமும் பொய் என்றாகும். அவனுக்கு அது அப்போது புரியவில்லை. நான் போனை வைத்துவிட்டேன். யாரிடமும் பேசவில்லை. மூன்றாம் நாள் விடிவதற்குள் அவள் போய்விட்டாள்.

இதைத் தலை குனிந்து சொல்வதாக நினைக்க வேண்டாம். கேட்டீர்கள், சொல்கிறேன்.

ஒன்றை மட்டும் திருத்த வேண்டும். மருமகளின் சாவைக் கணக்கில் காட்டாமல் விட்டேன் என்று வெளியே பேசிக்கொள்கிறார்களாம். அது தவறு. சேர்த்திருக்கிறேன். அந்த ஆண்டு எங்கள் நாட்டில் மிகையாக யாரும் சாகவில்லை. அவளும்தான்.