மூலைக்கொடி பிடித்த கைக்கு முத்திரை குத்தும் கைகள் எழுதிய மடல்

அஞ்சலகத் தலைவராய் அமர்ந்து, அன்னையாய் அதட்டி, அக்காவாய் அரவணைத்து, ஆடுகளத்தில் மட்டும் அசையாமல் நின்ற எங்கள் அன்புக்குரிய திருமதி கனகலட்சுமி அம்மையார் அவர்களே! எல்லைக்கோட்டின் மேல் இமைக்காது நின்ற விழியே! பார்சலின் எடையிலும் பந்தின் தடத்திலும் பாரபட்சம் பாராத பண்பே! காலைத் தபால் பை வரக் கால்மணி தாமதமானாலும் தலைமை அலுவலகத்தையே தொலைபேசியில் துயிலெழுப்பும் துணிவே! பணிநிறைவு காணும் இந்த நன்னாளில், உங்களிடம் திட்டு வாங்கி வளர்ந்த நாங்கள் அனைவரும் கைகூப்பி வணங்குகிறோம்.

இத்தகைய மடல்களில் ஓய்வு பெறுபவரைக் கடலென்றும் மலையென்றும் கதிரவனென்றும் போற்றுவது மரபு. எங்களுக்கும் ஆசைதான். ஆனால் போன வாரமே நீங்கள் எங்களைக் கூப்பிட்டு, "என்னைய மலை, கடல்னு எழுதி, அதப் பால்பாண்டி மூச்சு முட்ட வாசிச்சான்னா, நா பாதியிலயே எந்திரிச்சு வீட்டுக்குப் போயிருவேன்" என்று எச்சரித்துவிட்டீர்கள். எனவே மலை இல்லை, கடல் இல்லை. மடலை வாசிக்கும் எங்கள் எழுத்தர் பால்பாண்டி மூச்சுவிட ஆங்காங்கே இடமும் விட்டிருக்கிறோம்.

கைப்பந்து ஆடி, விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைத்து, முழங்கால் உறையைக்கூடக் கழற்றாமல் முதல் நாள் பணிக்கு வந்தவர் நீங்கள் என்று மூத்த ஊழியர்கள் சொல்வார்கள். அன்று தொடங்கி முப்பத்தாறு ஆண்டுகள், முத்திரை குத்தியும், முதியோருக்கு முகம் மலர்ந்து பணம் எண்ணிக் கொடுத்தும், மூக்குக்கண்ணாடியை மறந்து வந்தவருக்கு முகவரி எழுதிக் கொடுத்தும், முறைத்துக்கொண்டு வந்தவரை முறுவலோடு அனுப்பியும் வந்தீர்கள். மாலையானால் மைதானம், ஆட்டத்தை விட்ட பிறகு அங்கேயே நடுவர். மூட்டுவலி மாத்திரையும் விசிலும் உங்கள் கைப்பையில் ஒன்றாகவே குடியிருந்தன.

மைதானத்திலிருந்து நீங்கள் கொண்டுவந்த ஒரு வழக்கம்தான் எங்களை ஆளாக்கியது. கைப்பந்தில், பந்தைத் தவறவிட்ட பெண் தன் கையைத் தானே உயர்த்திக் காட்டுவாள். தவறு என்னுடையது என்று பொருள். தோழிகள் தோளில் தட்டிவிட்டு அடுத்த பந்துக்கு ஆயத்தமாவார்கள். அதை அப்படியே கடிதம் பிரிக்கும் மேசைக்குக் கொண்டுவந்தீர்கள். கோச்சடைக் கடிதம் ஆனையூர்க் கட்டுக்குள் போய்விட்டதா? போட்டவர் கையைத் தூக்கினால் போதும். "தப்பு நம்மளோடதுன்னா கையத் தூக்கு. தூக்குன கையப் பாத்து யாரும் ஒரு வார்த்த பேசக் கூடாது. அடுத்த கட்டப் பிரி" என்பதே நம் அலுவலகச் சட்டம். ஒருமுறை நீங்களே ஒரு பையை மாற்றி அனுப்பிவிட்டு, வாடிக்கையாளர்கள் பார்க்க வலக்கையை உயர்த்தி நின்றீர்கள். ஏதோ உறுதிமொழி எடுக்கிறார்கள் என்று எண்ணி, பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களும் எழுந்து கையை நீட்டிவிட்டார்கள்.

அம்மையார் அவர்களே, இனிச் சொல்லப்போவதை நீங்கள் விரும்பமாட்டீர்கள். ஆனாலும் சொல்லத்தான் போகிறோம்.

சென்ற ஆண்டு நம் மதுரைக்கே வந்து சேர்ந்தது பன்னாட்டு இளையோர் மகளிர் கைப்பந்துப் போட்டி. இந்திய அணியில் முத்துமீனா! நம் தபால்காரர் தங்கப்பொண்ணுவின் மகள்; பள்ளி விட்டதும் நம் அஞ்சல் பைகளின் மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதி, மிச்ச நேரத்தில் அந்தப் பைகளையே தாண்டிக் குதித்த முத்துமீனா! கோட்டு நடுவர்களில் ஒருவராக நீங்கள்! கோட்டு நடுவரை அறியாதவர்களுக்காக ஒரு சொல்: ஆடுகளத்தின் மூலையில் சிவப்புக் கொடியோடு நிற்பவர் அவர். பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்தால் கொடி கீழே. வெளியே விழுந்தால் கொடி மேலே. பார்ப்பதற்கு எளிய வேலை.

அமைப்பாளர்களிடம் முதல் நாளே போய் நின்றீர்கள். "எங்க ஆபீஸ் பிள்ளையோட மக ஆடுது. இந்தியா மேட்சுல மட்டும் என்னையப் போடாதீங்க" என்றீர்கள். அரையிறுதி வரை அப்படியே நடந்தது. அரையிறுதியன்று இன்னொரு கோட்டு நடுவர் காய்ச்சலில் படுத்துவிட, வேறு ஆள் இல்லாமல் உங்களையே நிறுத்தினார்கள். எதிரே தாய்லாந்து. அரங்கின் மேல்வரிசையில் நம் அலுவலகத்தில் பாதி. அத்தனை விடுப்பு விண்ணப்பத்திலும் கையெழுத்துப் போட்டவர் நீங்களே என்பதால் எங்களுக்கு அச்சமே இல்லை. தங்கப்பொண்ணு நடுவில், சிம்மக்கல் கடைத்தெருவில் வாங்கிய விசில்களோடு மூத்த தபால்காரர் வெள்ளைத்துரை அண்ணன் ஓரத்தில்.

ஐந்தாவது சுற்று. பதினான்குக்குப் பதின்மூன்று, இந்தியா முன்னிலை. இன்னும் ஒரே புள்ளி, அப்புறம் இறுதிப்போட்டி. பந்து உயர்ந்தது; முத்துமீனா எழும்பி அடித்த அடியில் அரங்கமே எழுந்து நின்றது. வென்றுவிட்டோம் என்று பால்பாண்டி பக்கத்திலிருந்தவரை முத்தமிட்டேவிட்டார். அந்த நேரம் பார்த்து மூலையில் ஒரு கொடி மேலே போனது. வெளியே!

வெள்ளைத்துரை அண்ணன் இருக்கையின் மேலேயே ஏறிவிட்டார். "யம்மா! கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு? எம்புட்டு உள்ள விழுந்துச்சு! எவம்மா ஒனக்குக் கொடியக் குடுத்தது?" என்று தொண்டை கிழியக் கத்தினார். நடுவர்கள் எல்லோருக்கும் ஒரே சட்டை, ஒரே தொப்பி. யாரோ அவர் வேட்டியைப் பிடித்து இழுத்து, "அண்ணே, அது நம்ம மேடம்ணே" என்றார்கள். அண்ணன் இறங்கி உட்கார்ந்து, வாங்கிய விசில்களை எல்லாம் பைக்குள் போட்டுக்கொண்டார். இதை மடலில் சேர்க்கவே கூடாது என்று அவர் டீயெல்லாம் வாங்கித் தந்தார், குடித்துவிட்டுச் சேர்த்துவிட்டோம்.

கீழே இந்திய அணி தலைமை நடுவரைச் சூழ்ந்து முறையிட்டது. அப்போது முத்துமீனா மட்டும் தனியே நின்று, தன் வலக்கையை மேலே தூக்கினாள். நம் மேசையில் நாம் தூக்குவோமே, அதே கை. முறையீடு அடங்கியது, புள்ளி சமமானது, அடுத்த இரண்டு புள்ளிகளும் தாய்லாந்துக்குப் போயின. நாம் தோற்றோம்.

வாசலில் நீங்களே தங்கப்பொண்ணுவைத் தேடி வந்து நின்றீர்கள். "நல்லாப் பாத்தீங்களா மேடம்?" என்று கேட்டார் அவர். "பாத்தேன் தங்கம்" என்றீர்கள். அவர் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட்டார். மறுநாள் மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் நம் பெண்கள் வென்று வெண்கலம் வாங்கினார்கள். ஆனால் நம் அலுவலகத்தில் கொண்டாட்டம் இல்லை. தங்கப்பொண்ணு கடிதக்கட்டை எடுப்பார், கையெழுத்துப் போடுவார், போய்விடுவார். உங்கள் மேசைப் பக்கம் திரும்புவதில்லை. "மேடம் மொகத்துக்காக எம்மக கையத் தூக்கிட்டா. அவ ஜெயிச்சத அவளே குடுத்துட்டா" என்று எங்களிடம் சொல்லி அழுதார். இத்தனை ஆண்டுகள் ஒரே தூக்குச்சட்டியில் சாப்பிட்டவர்கள் நீங்கள் இருவரும். அந்த நாட்களில் உங்கள் சாப்பாடு தொடப்படாமலே வீட்டுக்குத் திரும்பியதை நாங்கள் பார்த்தோம். எங்களுக்கும் இறங்கவில்லை.

போட்டி முடிந்ததும் அணியோடு பயிற்சி முகாமுக்குப் போன முத்துமீனா, அது முடிந்து வெண்கலப் பதக்கத்தோடு அலுவலகத்துக்கு வந்தாள். எல்லோர் முன்னிலையிலும் தாய் கேட்டார்: "உண்மையச் சொல்லு. மேடத்துக்காகத்தான கையத் தூக்குன?"

"மேடத்துக்காக நா ஏம்மா தூக்கணும்?" என்றாள் மகள். "பந்து வெளியதான் விழுந்துச்சு. அடிச்ச எனக்குத் தெரியாதா? மேடம் மட்டும் தப்பாக் காட்டியிருந்தாங்கன்னா, அங்கனயே சண்டைக்குப் போயிருப்பேன்."

தங்கப்பொண்ணு உங்கள் மேசைக்கு நேரே வந்து, தன் வலக்கையை உயர்த்தினார். சட்டப்படி நாங்கள் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. "சரி சரி, அடுத்த கட்டப் பிரி" என்றீர்கள். அன்று மத்தியானம் தூக்குச்சட்டி இரண்டு பேருக்கும் போதவில்லை. எங்கள் தட்டுகளிலிருந்தும் எடுத்துக்கொண்டீர்கள்.

அம்மையார் அவர்களே! அஞ்சாத நெஞ்சும் அயராத உழைப்பும் என்று எழுத எங்களுக்கும் தெரியும். ஆனால் ஊரே வேண்டியபோதும், உள்ளமே வேண்டியபோதும், விழுந்த இடத்தை மட்டும் பார்த்துக் கொடி உயர்த்தினீர்களே, அதற்கு ஈடான அடைமொழி எங்கள் அகராதியில் இல்லை. அந்தக் கொடியை உயர்த்தியபோது உங்களுக்கும் வலித்தது என்று எங்களுக்குத் தெரியும்.

நோயின்றி, நோவின்றி, அந்த முழங்கால்களும் இனியேனும் முணுமுணுக்காமல், நெடுங்காலம் நீங்கள் வாழ வேண்டும். காலைப் பை தாமதமாகும்போதெல்லாம் உங்கள் தொலைபேசி ஒலிக்கும். எடுத்து எங்களைத் திட்ட வேண்டும். முத்துமீனா அடுத்து மதுரையில் ஆடும்போது, மூலையில் நிற்காமல் எங்களோடு மேல்வரிசையில் உட்கார்ந்து விசிலடிக்க வேண்டும். விசிலை வெள்ளைத்துரை அண்ணன் தருவார்.

வயது அறுபது ஆகிவிட்டது, இன்றோடு இந்த அலுவலகத்துக்கு நீங்கள் வெளியே என்று அரசு கொடியை உயர்த்திவிட்டது. அரசின் முடிவு அரசுக்கு. இந்த மடலை உங்களிடம் ஒப்படைக்க இப்போது மேடைக்கு வருபவர் தங்கப்பொண்ணு. ஒரு கையில் மடல். மறுகையில் ஒரு சிவப்புக் கொடி. தயவுசெய்து பாருங்கள் மேடம், நீங்கள் பார்த்தால் சரியாகத்தான் பார்ப்பீர்கள். அவர் கொடி கீழே இருக்கிறது.

தூக்கிய கைகளோடு,
உங்கள் அஞ்சலக ஊழியர்கள்,
மதுரை.