எதிர்த்தரப்புக்கு ஒரு போன்

இந்த நாற்காலி ஒரு பக்கமாக ஆடுகிறது, லக்ஷ்மிநாராயணன் சார். இருங்கள், கீழே ஒரு காகிதத்தை மடித்து வைத்துக்கொள்கிறேன். பூனா போலீஸில் தமிழ் பேசும் அதிகாரி கிடைத்தது என் அதிர்ஷ்டம். இந்தி எனக்குப் பாதிதான் வரும்.

இங்கே கேம்ப் பகுதியில் இருக்கும் ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் நகரச் செய்திகளுக்கு நான் பொறுப்பு. இந்த ஜம்புநாதன் பார்த்தால் செய்தி எந்தப் பக்கமும் சாயாது என்று அங்கே பெயர். எதிர்த்தரப்பின் பதில் இல்லாமல் எந்தக் குற்றச்சாட்டையும் நான் அச்சுக்கு அனுப்பியதில்லை.

மாடசாமி தாபோடியில் குடியிருந்த கொத்தனார். அவருக்கும் எனக்கும் சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். தொண்ணூற்றேழு மழைக்காலத்தில் ஆபீசுக்கு வந்தார். ஏரவாடாவில் அவர் வேலை பார்த்த பள்ளிக்கூடக் கட்டடத்தின் தூணிலிருந்து ஒரு சில்லை என் மேஜைமேல் வைத்தார். விரலால் நெரித்தேன், மாவாக உதிர்ந்தது.

"சிமெண்டுல பாதி வெளிய போயிருது அண்ணாச்சி. பச்சப் புள்ளைக உக்காரப் போற எடம். எழுதுங்க. ஆனா எம் பேரு வெளிய வந்துரக் கூடாது. கான்ட்ராக்டர் ஆளுக ஒரு மாதிரி."

வராது என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

அவர் படியிறங்கியதும் பக்கத்து மேஜை இருதயராஜ் சிரித்தான். "என்ன ஜம்பு, ஊர்க்காரன்னதும் உருகிட்டியே? நாளைக்கு முதல் பக்கமா?"

அவனுக்கு அது கிண்டல். எனக்குச் சுருக்கென்றது. மதராசி மதராசிக்குத்தான் எழுதுவான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதென்று கட்டிக் காத்த பெயர், சார். அன்று முழுக்க ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. எழுந்து போய் டீ குடித்தேன், திரும்பி வந்தேன், மறுபடி எழுந்தேன். கடைசியில் கான்ட்ராக்டருக்குப் போன் போட்டேன். நீங்கள் கேட்ட அந்தப் போன் நான் செய்ததுதான்.

மரியாதையாகப் பேசினார். யார் சொன்னது என்று கேட்டார். குற்றம் சாட்டுவது யாரென்று தெரியாமல் ஒரு மனிதர் என்ன பதில் சொல்வார்? வேறு யாராவது என்றால் சொல்லியிருக்க மாட்டேன். என் ஊர்க்காரர் என்பதால் கூடுதல் நியாயம் தேவைப்பட்டது. பெயரைச் சொன்னேன். எங்களிடம் மாடசாமி இரண்டு பேர் இருக்கிறார்களே என்றார். தப்பான ஆள்மேல் பழி விழக் கூடாது அல்லவா? நெற்றியில் தழும்பு இருப்பவர் என்றேன்.

மறுநாள் காலை மாடசாமி சாரத்திலிருந்து விழுந்து செத்துப்போனார். மழையில் கால் வழுக்கியது என்றார்கள் உங்கள் ஸ்டேஷனில். அவர் பின்னாலேயே இரண்டு பேர் ஏறினார்கள் என்றாள் அவர் மனைவி பவுன். இரண்டுக்கும் சரிசமமாக இடம் கொடுத்தேன், வேண்டுமானால் அளந்து பாருங்கள். சிமெண்டு விஷயத்தைப் போடவில்லை. புகார் சொன்னவரே இல்லாதபோது அது ஒருதலைப்பட்சமாகிவிடும். பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்டார்கள். பிள்ளைகள் மாடியில் ஓடும் சத்தம் ரோடு வரைக்கும் கேட்கிறது. அந்தப் பக்கம் போனால் எதிர்ச்சாரியில்தான் நடக்கிறேன், அதை மறைக்கவில்லை.

காரியம் முடிந்து பவுன் ஆபீசுக்கு வந்தாள். "ஒங்ககிட்ட மட்டுந்தான் சொன்னதாச் சொன்னாக அண்ணாச்சி. அவுக பேர கான்ட்ராக்டர்கிட்ட யாரு சொன்னா?"

செய்தி சொன்னவர் பெயரை வெளியே விடுவது எங்கள் தொழிலில் பெரிய துரோகம் அம்மா, அதை மட்டும் கேட்காதே என்றேன். அந்தத் துரோகத்தை நான் ஒருநாளும் செய்ததில்லை, சார்.