ஐந்தாவது பந்து

எனக்குப் பேஸ்போல் பெரிதாகப் பிடிக்காது. நீரிழிவுக்கு நடக்கச் சொன்னார் வைத்தியர். சென்ட் லோரன்ட் மருந்துத் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்த ஒருவர், ஞாயிறு லீக்குக்கு நடுவர் தேவை என்றார். போன பிறகுதான் தெரிந்தது, அந்த வேலையில் நடை இல்லை, நிற்பதும் குந்துவதும்தான். இருந்தாலும் பத்தொன்பது வருடம் நின்றுவிட்டேன்.

மொழிபெயர்க்க வந்திருக்கும் சிவாஜினி பிள்ளைக்கு இந்த விளையாட்டுத் தெரியாதாம். அவருக்கு விளங்காவிட்டால் பொலிஸ் விசாரணை அதிகாரி கத்தரினுக்கும் விளங்காது. ஆகவே மெல்லச் சொல்கிறேன். நானே பிரெஞ்சில் சொல்லலாம். ஆனால் என்னுடைய பிரெஞ்சு மெஷின்களோடு பழகிய பிரெஞ்சு. இதற்குக் காணாது.

நடுவரின் முடிவுகள் இரண்டு வகை. கண்ணால் பார்த்துச் சொல்வது ஒன்று. எறிந்த பந்து மட்டைக்கு எட்டும் இடத்துக்குள் வந்ததா, வெளியே போனதா என்பது போல. அது பிழையாகவே இருந்தாலும் யாரும் முறையிட முடியாது. விதியையே பிழையாகப் பாவித்தால் மட்டும் லீக் குழுவிடம் போகலாம்.

ஜூன் மாதத்தில் டனிஸ்ரன் குழுவிடம் போனான். எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்த யோசெப்பினின் மகன், இருபத்தாறு வயது. அன்று எதிரணி மட்டைக்காரர் மெல்லத் தட்டிய பந்து மேலே கிளம்பியது. டனிஸ்ரன் அதன் கீழே வந்து நின்றான். பிடிக்காமல் விழவிட்டு, தளங்களில் ஓடத் தயங்கி நிற்கும் எதிரணியினரில் இரண்டு பேரை ஒரேயடியாக ஆட்டமிழக்கச் செய்யப் பார்க்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. இந்தத் தந்திரத்தைத் தடுக்கவென்றே ஒரு விதி இருக்கிறது. பந்து நிலத்துக்கு வருமுன்பே மட்டைக்காரரை மட்டும் ஆட்டமிழந்ததாக நடுவர் அறிவித்துவிடலாம். அறிவித்தேன்.

அவன் என்னிடம் வந்து மரியாதையாகத்தான் கதைத்தான்.

"அங்கிள், உங்கட கண்ணில நான் பிழை சொல்லேல்ல. ஆனா மெல்லத் தட்டின பந்துக்கு அந்த விதி இல்லை."

"விதி என்னத்துக்கு வந்தது எண்டு யோசியும் தம்பி."

"அது சரி அங்கிள். ஆனா புத்தகத்தில அப்பிடி இல்லையே."

புத்தகத்தில் அப்படி இல்லைத்தான். குழு என் முடிவைத் தள்ளிவிட்டு, அந்தப் பந்திலிருந்து ஆட்டத்தைத் திரும்ப ஆடவைத்தது. அவனுடைய அணி வென்றது. அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது ஒருவர், "நடுவருக்கும் ஒரு நடுவர் தேவைபோல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி இமெல்டாவும் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

"விளையாட்டுத்தானே, விடுங்கோ" என்றாள் காரில்.

எனக்குக் கோபம் வரவில்லை. பல் பிடுங்கமுன் ஊசி போட்டால் கன்னம் இருக்கும், ஆனால் உங்களுடையதாக இருக்காது. அப்படித்தான் இருந்தேன். சாப்பிட்டேன், வேலைக்குப் போனேன்.

ஓகஸ்டில் நோத்ர-டாம்-த-கிரேஸ் மைதானத்தில் ஆட்டம். நல்ல வெயில். தொடங்கமுன் டனிஸ்ரன் ஒரு தண்ணீர்ப் போத்தலைக் கொண்டுவந்து தந்தான். "குடியுங்கோ அங்கிள், உந்த உடுப்போட வேர்க்கும்" என்றான். குடித்தேன்.

எதிரணியில் பந்து எறிந்தவன் அன்டன். இரண்டாம் சுற்றில் டனிஸ்ரன் தளத்துக்கு ஓடிச் சறுக்கி வந்து அவன் முழங்காலில் மோதினான். விபத்துத்தான். அன்டன் நொண்டிக்கொண்டு எழும்பி அவனைப் பார்த்தான். நான் அன்டனின் முகத்தைப் பார்த்தேன்.

நாலாம் சுற்றில் டனிஸ்ரன் மட்டையோடு வந்தான். முதல் பந்து நெஞ்சுக்கு வந்தது. பின்னால் பாய்ந்து தப்பினான். இரண்டாவது தலைக்கு மேலால் போனது.

"அங்கிள், உவன் வேணுமெண்டு எறியிறான். ஒருக்கா எச்சரியுங்கோவன்."

"எனக்கு அப்பிடித் தெரியேல்ல தம்பி."

எறிபவர் வேண்டுமென்று ஆளுக்கு எறிகிறார் என்று நடுவர் கருதினால் அவரை எச்சரிக்கலாம், வெளியேற்றலாம் என்பது விதி. நடுவர் கருதினால். நான் கருதவில்லை என்று சொன்னேன். மட்டைக்காரருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்து பிடிப்பவருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

இதுவரை உங்களிடம் இருக்கிறது. வீடியோவிலும் இருக்கிறது. இனிச் சொல்வதை வீடியோவில் பார்த்தால் உங்களுக்கு விளங்காது.

மூன்றாவது பந்து அவனுக்கு எட்டாமல் மறுபக்கமாக, வெகுதூரம் விலகிப் போனது. தவறான பந்து. நான் கையை உயர்த்தி, சரியான பந்து என்றேன். நாலாவதும் அதே இடத்தில் போனது. அதையும் சரி என்றேன்.

"அங்கிள், உது எப்பிடி எட்டும்?"

"கிட்டப் போய் நில்லும் தம்பி. எட்டும்."

அவன் என்னை நம்பினான். சரியான பந்து மூன்றை அடிக்காமல் விட்டால் ஆட்டமிழப்பு; அவன் இரண்டை விட்டாயிற்று. ஒரு அடி முன்னே வந்து, பந்து கடக்கவேண்டிய நிலத்துத் தட்டுக்கு மேலே தலையை நீட்டிக் குனிந்து நின்றான். நான் அவனுக்குப் பின்னால் குந்தினேன். அன்டனின் முகம் எனக்கு நேரே தெரிந்தது. விளையாட்டை நிறுத்தக் கையை உயர்த்தினால் போதும். நேரம் இருந்தது.

ஐந்தாவது பந்து ஹெல்மெட்டுக்குக் கீழே, காதுக்குப் பின்னால் பட்டது.

பந்து உடம்பில் பட்டால் மட்டைக்காரருக்கு முதல் தளம் இனாம். நான் உடனே முதல் தளத்தைக் காட்டினேன். பிறகுதான் அவன் பக்கத்தில் முழங்காலில் இருந்தேன். வாசலில் கதவைத் திறக்கப் பார்ப்பவன்போல அவன் கை மண்ணில் எதையோ தேடிக்கொண்டிருந்தது. அம்புலன்ஸ் வரும்வரை அந்தக் கையைப் பிடித்திருந்தேன்.

ஆஸ்பத்திரியில் யோசெப்பின் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்கள் பக்கத்தில நிண்டது எனக்குப் பெரிய ஆறுதல் அண்ணை. பிள்ளை தனிய விழேல்ல."

"ஓம்" என்றேன்.

பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றித் தந்தார். சீனி கூட. குடித்தேன். ஐந்தாம் நாள் டனிஸ்ரன் செத்துப்போனான்.

முதல் நான்கு பந்துகளும் தவறானவை, கத்தரின். நான்கு தவறான பந்து வந்தால் மட்டைக்காரர் மட்டையைப் போட்டுவிட்டு முதல் தளத்துக்கு நடந்து போகலாம். நான் கண்டதைச் சொல்லியிருந்தால் ஐந்தாவது பந்தே இல்லை. கண் எனக்கு நல்ல கண். அன்டன் ஆளுக்குத்தான் எறிகிறான் என்று முதல் பந்திலேயே தெரியும். தெரிந்துதான் டனிஸ்ரனை அங்கே நிற்கவைத்தேன். எழுதிக்கொள்ளுங்கள்.

அன்டன் மீது வழக்குப் பதியப்போகிறீர்கள் என்று கேள்விப்பட்டுத்தான் நானாக வந்தேன். அந்தப் பொடியனுக்காக இரங்கிப் போகிறேன் என்று இமெல்டா நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவன் வேண்டுமென்று எறிந்தான் என்று நீங்கள் எழுதப்போகிறீர்கள். அப்படி எழுத முடியாது. அவன் வேண்டுமென்று எறியவில்லை என்று மைதானத்தில் நான் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். அது கண்ணால் பார்த்துச் சொன்ன தீர்ப்பு. பிழையாகவே இருந்தாலும் அதை மாற்ற உங்களுக்கு உரிமை இல்லை.