ஏழாம் கூண்டு எலி

— மார்ச் ஒம்பது, திங்கக்கிழமை. ஐரோலில எங்க லேப்ல ஏழாம் கூண்டு எலி செத்துக் கெடந்துச்சு உம்மா.

— எலி செத்ததுக்கா தாராவிக்கு ஓடி வந்தே? கீழ பட்டறையில டெய்லி ரெண்டு சாவுது. ஒருத்தரும் லீவு போடலளா, உமைரா.

— அரே, கேளுங்க. அதுக்கும் வாப்பாவோட வியாதிதான். பார்க்கின்சன். நாங்களே வர வச்சது. மூளையில சில செல்லை மட்டும் வெளிச்சம் பட்டா முழிக்கிற மாதிரி மாத்தியிருந்தோம். முடி மாதிரி ஒரு கண்ணாடி இழை வழியா நீல வெளிச்சம் விட்டா, வெறச்சுக் கெடந்தது எந்திரிச்சு நடக்கும். அணைச்சா நின்னுடும். தூக்குன கால் தூக்குனபடி.

— அல்லாவே! அது நெனச்சு நடக்குதா, வெளிச்சம் நடத்துதா?

— அது எங்களுக்கே தெரியாது. வாப்பா தலையில டாக்டர் ஆபரேசன் பண்ணி வச்ச கம்பி, கரண்ட்ட விட்டு சுத்தியிருக்கிற எல்லா செல்லையும் ஒண்ணாத் தட்டுது. அதுல எது வேலை செய்யுதுன்னு கண்டுபிடிக்கத்தான் இந்த வெளிச்சம்.

— பெறவு ஏன் செத்துச்சு?

— அதுகிட்டயே ஒரு கட்டை குடுத்தோம். மிதிச்சா வெளிச்சம் வரும். சனி, ஞாயிறு யாரும் போகல. மிதிச்சுக்கிட்டே இருந்திருக்கு. பக்கத்துலயே தீனி. தொடல.

— ஒங்க வாப்பாவும் சோறு வேண்டாங்காவ. தூக்கமும் இல்ல. ஆனா சிரிக்காவளா! அஞ்சு வருசமா செவுரு மாதிரி இருந்த மூஞ்சி!

— நீங்க ஏன் இப்டி மெலிஞ்சிட்டீங்க?

— எனக்கெங்க பசிக்கு? அந்தச் சிரிப்பப் பாத்தாலே போதும்.

— உமைரா! வந்துட்டியாம்மா? மேல இருந்தே எட்டிப் பாரு, தோல் வெட்டு எவ்ளோ நேரா வருது! மாஹிம்காரன் பெல்ட் ஆர்டர் மொத்தமும் வாப்பாதான்! ஹஹ்ஹஹ்ஹா!

— வாப்பா, வெரல்ல ரத்தம்!

— வருதா? வரட்டும், வரட்டும்! ஹஹ்ஹா!

— உம்மா, கேக்குதா? அது சிரிப்பு இல்ல. டாக்டர் வச்ச அளவுக்கு மேல கரண்ட்ட ஏத்திக்கிட்டே இருக்காங்க. அந்த எலி மாதிரி. அந்தக் கம்பியோட ரிமோட்டை அவங்க கைல இருந்து வாங்குங்க. இல்லன்னா வாப்பா நமக்கு மிஞ்ச மாட்டாங்க.

— அவிய எங்களா அதத் தொட்டாவ?

— பின்னே?

— என் முந்தியிலல்லா முடிஞ்சு கெடக்கு. சிரிப்பு கொறையும்போது ஒரு அமுக்கு. அவ்வளவுதான்.

— குடுங்க. உம்மா, மொதல்ல அந்தக் கைய வெளிய எடுங்க.

— நீ பேசிக்கிட்டு இருக்கும்போதே ரெண்டு தடவ அமுக்கிட்டேன்.