பொறுமை ஆலையின் கயிறு

கிழக்குக் காற்றில் அரைத்த மாவில் ரொட்டி சுட்டால் சீக்கிரம் காய்ந்துவிடும் என்று எங்கள் ஊர்ப் பெண்கள் சொல்வார்கள். அது உண்மையில்லை. காற்று எந்தப் பக்கமிருந்து வந்தாலும் மாவு ஒன்றுதான். தட்டில் இருப்பதைச் சாப்பிடுங்கள், ஐயா. கிரோனிங்கன் நகரத்திலிருந்து இந்த எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்து விசாரணைக்கு வந்திருக்கிறீர்கள்.

எங்கள் காற்றாலையின் கதையை முதலிலிருந்து கேட்டீர்கள். கட்டியவர் என் தாத்தா. அதற்குப் 'பொறுமை' என்று பெயர் வைத்தார். அவரிடம் அது இருந்ததில்லை. அவருக்குப் பின் அப்பா. அப்பாவுக்கு மூத்தவள் நான், ஃபென்னா. இளையவன் டெர்க். அரைக்கும் கல்லைக் கொத்துவது, காற்றைப் பிடிக்க இறக்கையில் பாய்த்துணி கட்டுவது, மேகத்தைப் பார்த்துக் காற்றைக் கணிப்பது எல்லாவற்றையும் அப்பா எனக்குத்தான் கற்றுக்கொடுத்தார். சாகும்போது ஆலையை டெர்க்குக்கு எழுதிவைத்தார். எனக்கு ஒரு பசுவும் கொஞ்சம் படுக்கை விரிப்புகளும். நான் குறை சொல்லவில்லை. நல்ல பசு.

டெர்க் பெயருக்கு முதலாளி. அரைத்தது நான். பிறகு ஊருக்குக் கரண்ட் வந்தது. ரொட்டிக்கடைக்காரர் நகரத்து மாவுக்கு மாறினார். ஒருநாள் டெர்க், பழைய கட்டடங்களை உடைத்து விற்கிற ஆள் ஒருவரைக் கூட்டிவந்தான். அவர் சுண்ணாம்புக் கட்டியால் தூண்களில் குறி போட்டுக்கொண்டே போனார்.

"என்னடா இது?" என்றேன்.

"விறகுக்குத்தான் அக்கா. விறகா வித்தாலே நல்ல காசு தர்றேங்கறாரு."

"அப்பா கட்டிக் காத்ததுடா."

"அப்பா போயாச்சு. நீ என்னமோ இதுக்கு வாக்கப்பட்டவ மாதிரி பேசற. இடிச்சா விதவையாயிருவியா?"

அந்த ஆள் சிரித்தார். நானும் சிரித்தேன். கேலி பேசினால் நான் கோபப்படுகிறவள் இல்லை.

பிரேக் கயிற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். அது ஆலையின் பின்பக்கம் தொங்கும். இழுத்துப் பிடித்தால் பிரேக் தளர்ந்து இறக்கைகள் சுற்றும். விட்டுவிட்டால், உச்சியிலிருக்கும் கனத்த உத்தரம் தன் பாரத்தால் இறங்கிச் சக்கரத்தை இறுக்கிக்கொள்ளும். இவ்வளவுதான் விஷயம்.

அந்த வாரமே மழைக்காற்று எழுந்தது. பாய்த்துணிகளைச் சுருட்ட வேண்டும். அதற்கு ஒவ்வோர் இறக்கையாகக் கீழே கொண்டுவந்து நிறுத்தி, ஏணியில் ஏறுவதுபோல அதன் சட்டங்களில் ஏறுவோம். டெர்க் ஏறினான். அவன் முன்பக்கம், நான் பின்பக்கம். முகம் பார்க்க வேண்டியதில்லை.

"பிரேக் புடிச்சிருக்கா அக்கா?" என்று கத்தினான்.

"புடிச்சிருக்குடா."

பிறகு கயிற்றை இழுத்தேன். காற்று நன்றாக இருந்தது. முதல் சுற்றில் தொற்றிக்கொண்டிருந்தான் போலிருக்கிறது. அடுத்ததில் சத்தம் கேட்டது.

கீழிறங்கிய இறக்கை நேர்நிலையைச் சற்றுத் தாண்டியதும் நிறுத்தினால், வீட்டில் இழவு என்று அர்த்தம். வயலில் இருப்பவர்கள் அதைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றுவார்கள். டாக்டர் வருவதற்குள் அப்படி நிறுத்திவைத்தேன். கூடப் பிறந்தவனுக்கு அந்த மரியாதையாவது செய்ய வேண்டாமா.

கயிறு கைநழுவிவிட்டது என்று டாக்டரிடம் சொன்னேன். பெண்பிள்ளை, என்ன செய்வாள் என்றார். ஊர்க்காரர்களும் அதையே சொன்னார்கள். மாவு வாங்க வருகிறவர்கள் கயிற்றையா பார்க்கப் போகிறார்கள்?

டெர்க்கின் மகன் மென்னோ துறைமுகத்தில் தச்சு வேலை பார்த்துக்கொண்டிருந்தான். ஆலை அவனுக்கு வந்தது. நல்ல கைகள். என்னிடம் தொழில் கற்றுக்கொண்டான். சீக்கிரம் கற்றுக்கொண்டான், அதுதான் கஷ்டம். ஒரு மத்தியானம் பட்டாணிக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவன் கரண்டியைக் கீழே வைத்தான்.

"அத்தை, கயிறு கைநழுவினா பிரேக் விழும்ல? இறக்கை நிக்கும்ல?"

"ஆமா."

"அப்ப அப்பா எப்படி..."

"கஞ்சி ஆறுது. குடி."

அவன் குடிக்கவில்லை. கிண்ணத்தைத் தள்ளிவைத்தான். "நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன் அத்தை. எனக்குன்னு இருக்கறது நீங்க ஒருத்தர்தான். ஆனா இனிமே அந்தக் கயிறைத் தொடாதீங்க. வீட்டோட இருங்க."

எனக்குப் பயம் வந்தது. இன்று என்னை விலக்குகிறவன் நாளை ஆலையை விற்பான். டெர்க்கின் ரத்தம்தானே என்று நினைத்தேன். நீங்கள் வந்ததும் அப்படித்தான் முதலில் உங்களிடம் சொன்னேன், நீங்களும் எழுதிக்கொண்டீர்கள்.

போன செவ்வாய்க்கிழமை, மென்னோ கயிற்றை இழுத்து ஓடுநிலையில் கட்டிவைத்துவிட்டு, சுற்றும் தண்டுக்குப் பன்றிக்கொழுப்பு பூச உச்சிக்கு ஏறினான். மேற்கே வானம் கறுத்ததை அவன் கவனிக்கவில்லை. நான் காயப்போட்ட துணி எடுக்க வெளியே வந்தேன். இறக்கைகள் வெறிபிடித்துச் சுற்றின. மேல் ஜன்னலிலிருந்து தலையை நீட்டினான்.

"அத்தை! கயிறை விடுங்க! பிரேக்கைப் போடுங்க, சீக்கிரம்!"

தொடாதே என்றவன்தான் தொடச் சொன்னான். தொட்டேன். பாதி மட்டும் விட்டு, தூணில் கட்டினேன். பிரேக் பாதி உரசினால், அந்தக் காற்றில் மரத்தோடு மரம் தேய்ந்து தீப்பிடிக்கும். அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அது. புகை வந்தது. உள்ளே போய் மாடிப்படியின் உச்சியில் தரையோடு மூடும் கதவைக் கீழிருந்து தாழிட்டேன். தீ கீழே இறங்கிவிடக்கூடாதே. கல்லும் மாவும் கீழேதான் இருந்தன.

கொஞ்ச நேரம் தட்டினான். உச்சி முழுக்க வேய்ந்த நாணல், ஐயா. அதிக நேரம் ஆகவில்லை.

கல்லையும் காப்பாற்ற முடியவில்லை. வெப்பத்தில் வெடித்துவிட்டது. நீங்கள் வரும் வழியில் பார்த்தது அவ்வளவுதான், கரிந்த செங்கல் வட்டம். மென்னோவுக்காக இழவு நிலையில் நிறுத்த இறக்கை ஒன்றும் மிஞ்சவில்லை. யார் செத்தார்கள் என்று வயலிலிருந்தவர்கள் வந்து கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

அப்புறம் இன்னொன்று. நேற்று வண்டிக்காரர், மென்னோ சொல்லிவைத்திருந்த நான்கு கட்டுப் பாய்த்துணி கொண்டுவந்து இறக்கினார். புதுசு, உயர்ந்த ரகம். எங்கே வைப்பது என்று கேட்டார். வாசலில் போடச் சொன்னேன். விற்கப்போகிறவன் இப்படிப்பட்ட துணியை வாங்குவானா என்று நீங்கள் யோசிக்கிறீர்கள், உங்கள் முகத்தில் தெரிகிறது. வாங்கமாட்டான். கடைசிவரை அந்த ஆலையை ஓட்டுவேன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான்.

அந்தத் துணிக்கு அளவெடுத்துக் கொடுத்ததே நான்தான், ஐயா. ஆனால் அதை இறக்கையில் கட்டப்போகிறவன் அவன், நானில்லை.