சேமியாச் சுருளில் ஒரு கறுப்பு நூல்

“மாவுல ஒரு முடி வுழுந்தா இந்த மெஷினு காட்டிக் குடுக்குமா?” என்று எங்கள் தெரு ரோஷன் பீவி ஒருமுறை என்னிடம் கேட்டாள்.

நியாயமான கேள்விதான். எங்கள் வீட்டு சேமியா மெஷின் பலகையின் ஓரத்தில் திருகி மாட்டுவது. மேலே புனல் மாதிரி வாய். அதில் மாவை உருட்டிப் போட்டுக் கைப்பிடியைச் சுற்றினால் முன்பக்கத் தட்டின் ஓட்டைகள் வழியாக இழை இழையாக இறங்கும். முடி விழுந்தால் ஏதாவது ஒரு ஓட்டையில் சிக்கும். அந்த இழை மட்டும் அறுந்து அறுந்து வரும். ஆகவே மெஷின் காட்டிக் கொடுக்கும். இதை நான் சொல்லவில்லை. வெளியாட்கள் கேட்டால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். அம்மாதான் பதில் சொன்னாள்.

“அவ பேசமாட்டா மாமி. கூச்சம். சுத்தறது மட்டும்தான் அவ வேல.”

“அதுவும் நல்லதுதான். எங்க வூட்லயும் இப்படி ஒண்ணு இருந்தா காதுக்குக் கொஞ்சம் ஓய்வு கெடைக்கும்” என்றாள் ரோஷன் பீவி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்ததாக அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

என் பெயர் சைனம்பு. செங்கல்பட்டில் இரண்டாம் ஃபாரம், அதாவது ஏழாம் வகுப்பு வரை படித்தேன். வயதுக்கு வந்ததும் பள்ளிக்கூடம் நின்றது. பக்கத்து வீட்டு லத்தீஃபாவும் அதே மாதம் நின்றாள். அவள் மூன்று நாள் அழுதுவிட்டுச் சமையல் கற்றுக்கொள்ளப் போய்விட்டாள். நான் அழவில்லை. மீதியிருந்த நோட்டுகளை அரிசிக் குதிருக்குப் பின்னால் வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தேன்.

எழுத விஷயத்துக்குக் குறைவில்லை. நோன்புக்கு முந்தைய மாதத்தில் தெருப் பெண்கள் எல்லோரும் மாவைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வருவார்கள். அந்தத் தெருவில் மெஷின் எங்களிடம் மட்டும்தான் இருந்தது. நான் சுற்றுவேன், அவர்கள் பேசுவார்கள். கைப்பிடி சுற்றுகிறவளுக்குக் காது உண்டு என்று ஒருத்திக்கும் தோன்றியதில்லை. யாருக்குக் கண் பட்டது, யார் வீட்டில் பல்லி எந்தப் பக்கம் விழுந்தது, எந்த மருமகள் புருஷனுக்கு எதைக் கரைத்துக் கொடுத்து மயக்கினாள். ஒரு நோட்டு முழுக்க எழுதினேன். அதில் மூளையால் பேசிய வாக்கியம் ஒன்றுகூட இல்லை. ஆட்டு மந்தைக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் கேட்டால், ஆடுகள் வீட்டுக்கு வந்து டீ கேட்பதில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

ஐம்பத்து நாலாம் வருஷம் லத்தீஃபாவுக்கு நிச்சயமானது. மாப்பிள்ளை மொய்னுதீன், ரோஷன் பீவியின் ஒரே மகன். மகாபலிபுரம் லைட் அவுசில் வேலை, சர்க்கார் சம்பளம், அங்கேயே கடலைப் பார்த்த சர்க்கார் வீடு. லத்தீஃபாவின் அத்தா ஜெயினுலாபுதீன் கடைத்தெருவில் குடை ரிப்பேர் செய்கிறவர். அவருக்கு இது கனவில்கூட வராத இடம். நிச்சயத்துக்கு மறுநாள் லத்தீஃபா எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தாள்.

“ஏய் சைனம்பு, அவரு எனக்கு இன்னா குடுத்தனுப்பினாருன்னு பாரு.”

ஒரு புத்தகம். பூகோளப் புத்தகம், படங்களோடு.

“நான் பரீச்சை எழுதலாமாம். வூட்லேர்ந்தே படிச்சி எழுதலாமாம். அவரே சொல்லித் தராராம்.” பிறகு என் முகத்தைப் பார்த்து, என்ன நினைத்தாளோ, “நான் படிச்சி முடிச்சதும் ஒவ்வொண்ணா உனக்கும் குடுத்தனுப்பறேன்” என்றாள்.

அவள் நல்ல மனதோடுதான் சொன்னாள். நல்ல மனதுக்காரர்கள் சாப்பிட்ட மீதியைத்தான் கொடுப்பார்கள். வகுப்பில் கணக்கை என்னைப் பார்த்து எழுதியவள் இவள். அதை இங்கே ஒரு தகவலாகச் சொல்கிறேன், காரணமாக அல்ல.

காரணம் வேறு. இந்தப் பெண்கள் எவ்வளவு தூரம் முட்டாள்கள் என்று ஒருமுறை நிரூபித்துப் பார்க்க விரும்பினேன். லத்தீஃபா எந்த வீட்டுக்குப் போகிறாளோ அந்த வீட்டின் தரம் அவளுக்கே தெரிய வேண்டும் என்றும் நினைத்தேன். புத்தகம் அனுப்புகிற பிள்ளையைப் பெற்றவள் பல்லிக்குப் பயப்படுகிறவள். அதை யாராவது சொல்லித்தான் ஆகவேண்டும், இல்லையா?

எங்களில் ஒரு வழக்கம் உண்டு. நிச்சயமான பெண், முதல் நோன்புப் பெருநாளுக்குத் தன் கையால் செய்த சேமியாவை மாமியார் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். மாவு பிசைவதும் இழையைச் சுருட்டுவதும் அவள் கைதான். வேறு யாரும் தொடக்கூடாது. கைப்பிடி சுற்ற மட்டும் கல்யாணமாகாத ஒரு பெண் இருக்கலாம். மாமியார் சுருளை உடைத்து இழை எவ்வளவு மெல்லிசு என்று தெருவுக்கே காட்டுவாள்.

சித்திரை வெயில் சேமியாவுக்கு நல்லது. நாங்கள் மொட்டை மாடியில் பலகையைப் போட்டு மெஷினை மாட்டினோம். நான் சுற்றினேன். லத்தீஃபா இழைகளை உள்ளங்கையில் வாங்கி, குருவிக் கூடு மாதிரி சுருட்டி, வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்துக்கொண்டே போனாள். வாய் ஓயவில்லை.

“லைட் அவுசு மேல ஏறினா கப்பல் தெரியுமாம். நீ ஒரு வாட்டி வா, காட்டறேன். அங்கயும் வந்து சும்மா நின்னுகினு இருப்பே, தெரியும் எனக்கு.”

மத்தியான லுஹர் தொழுகைக்கு அவள் கீழே இறங்கினாள். என் இடுப்பில் ஒரு கறுப்பு நூலைச் செருகி வைத்திருந்தேன். அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து எடுத்தது. முதல் நாளே ஏழு முடிச்சு போட்டு வைத்திருந்தேன். ஏன் ஏழு என்றால், அந்தப் பெண்கள் செய்வினையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஏழு என்றுதான் சொல்வார்கள். அவர்களுக்குப் புரிகிற மொழியில்தானே எழுத வேண்டும்? ஒரு சுருளை எடுத்தேன். அது இன்னும் ஈரமாக இருந்தது. நடுவில் நூலை வைத்து, இழைகளை மூடிவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தேன். வெயில் மீதியைப் பார்த்துக்கொண்டது. சாயங்காலம் அது கல் மாதிரி காய்ந்திருந்தது.

லத்தீஃபா மேலே வந்து என் நெற்றி வியர்வையைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். “பாவம், கை வலிக்குதா?” என்றாள். வலிக்கவில்லை என்று தலையசைத்தேன். அது உண்மைதான்.

பெருநாள் வந்தது. மூன்றாம் நாள் ரோஷன் பீவி வந்தாள், அந்த நூலை ஒரு கண்ணாடித் தம்ளரில் போட்டு, தட்டால் மூடிக்கொண்டு. பாம்பைப் பிடித்து வந்த மாதிரி. ஜமாத்துப் பெரியவர் அப்துல் மாலிக் ஹாஜியாரையும் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர் லத்தீஃபா வீட்டு முன்கூடத்தில் உட்கார்ந்தார். திரைக்கு இந்தப் பக்கம் பெண்கள். எங்களையும் கூப்பிட்டார்கள்.

“மெஷினு வழியா வந்துதுன்னு சொல்லாதீங்க. முடிச்சு அந்த ஓட்டையில நுழையாது, நான் பார்த்துகினுதான் போனேன்” என்றாள் ரோஷன் பீவி. “காய்ஞ்ச சுருளுக்குள்ள எங்க வூட்ல யாரும் வெக்க முடியாது. ஈரத்துல கையால வெச்சது. என் புள்ளைய மயக்கி என்கிட்டேர்ந்து பிரிக்க வெச்சது.”

அவளிடம் இவ்வளவு தர்க்கம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எல்லாவற்றையும் சரியாகப் பின்தொடர்ந்து வந்து கடைசி அடியில் கிணற்றில் விழுந்தாள்.

லத்தீஃபா சிரித்துவிட்டாள். அதுதான் அவள் செய்த தவறு. “இன்னா மாமி இது, பாவாடை நாடா தைக்கிற நூலு. எங்கியாவது ஒட்டிகினு வந்திருக்கும்” என்றாள். ஏழு முடிச்சோடு நூல் தானாக ஒட்டிக்கொண்டு வராது என்று அங்கே எல்லோருக்கும் தெரிந்தது. அவள் அம்மா அவள் வாயைப் பொத்தினாள்.

லத்தீஃபா அந்தக் கையை விலக்கிவிட்டுச் சொன்னாள்: “சைனம்பு கூடவே இருந்தா. அவளக் கேளுங்க. அவ சொல்லட்டும்.”

என்னைச் சாட்சியாக அழைத்தது அவள்தான். இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஹாஜியார் திரைக்குப் பின்னாலிருந்து கேட்டார். “ஏம்மா, அல்லாவுக்குப் பொதுவா சொல்லு. அந்தப் பொண்ணு கையால வெச்சதப் பார்த்தியா?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையை ஆட்டினேன், மேலும் கீழும், ஒருமுறை.

“ஆமான்றா” என்று ரோஷன் பீவி திரைக்கு அப்பால் கேட்கும்படி சொன்னாள். “இது வாயே தொறக்காத பொண்ணு, ஹாஜியாரே. இதுக்குப் பொய் சொல்லத் தெரியாது.”

பேசாதவள் பொய் சொல்லமாட்டாள் என்று இருபது பேர் ஒரே நேரத்தில் நம்பினார்கள். நான் நிரூபிக்க நினைத்தது இவ்வளவு சுலபமாக நிரூபணமாகும் என்று நினைக்கவில்லை. என் வாயால் நான் இதுவரை ஒரு பொய்யும் சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை.

நிச்சயம் முறிந்தது. அத்தோடு நின்றிருக்கும். ஆனால் செய்வினை செய்த பெண்ணைச் சுத்தம் செய்யாமல் தெருவில் வைத்துக்கொள்ள முடியாது என்றார்கள். கடற்கரை ஓரம் ஒரு தர்கா. அங்கே நாற்பது நாள் வைக்க வேண்டும் என்றார்கள். ஜெயினுலாபுதீன் மகளை மாட்டு வண்டியில் ஏற்றிக் கூட்டிப் போனார். அங்கே காலில் சங்கிலி போட்டுத் தூணில் கட்டியதாகவும், மிளகாய்ப் புகை போட்டதாகவும், வைத்தது யார் சொல்லி என்று கேட்டு அறைந்ததாகவும் அவள் அம்மா எங்கள் அடுப்பங்கரையில் உட்கார்ந்து சொல்லி அழுதாள். நான் கேட்டுக்கொண்டு வெங்காயம் உரித்தேன். சங்கிலி போட்டது நான் அல்ல. அறைந்ததும் நான் அல்ல. நான் வைத்தது ஒரு முழ நூல்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். லத்தீஃபா போன பத்தாம் நாள், மத்தியான வேளையில் மொய்னுதீன் எங்கள் வாசலுக்கு வந்தான். மெலிந்த ஆள், சட்டையெல்லாம் பஸ் தூசி.

“நீங்க சைனம்புதானே? லத்தீஃபா உங்களப் பத்தி எழுதியிருக்குது. உங்க சிநேகிதி கிட்ட இத எப்படியாவது சேர்த்துடுங்க. எங்கம்மா சொன்னத நான் நம்பல. வேற யார்கிட்ட குடுத்தாலும் படிச்சிடுவாங்க.”

கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போனான். படித்தேன். நூலில் ஒன்றுமில்லை, முடிச்சில் ஒன்றுமில்லை, உன்னை எனக்குத் தெரியும், ஒரு வரி பதில் போடு, வந்து கூட்டிக்கொண்டு போகிறேன், பூகோளம் எதுவரை படித்தாய் என்று இருந்தது. அசட்டுக் கடிதம். கையெழுத்தும் நன்றாக இல்லை. அடுப்பில் போட்டேன். அன்று நனைந்த விறகு பிடித்துக்கொள்ள அது உதவியது. அவன் பக்ரீத் வரை பதிலுக்குக் காத்திருந்துவிட்டு, அம்மா காட்டிய பெண்ணைக் கட்டிக்கொண்டான். சதுரங்கப்பட்டினத்துப் பெண்.

நாற்பது நாள் என்று போன லத்தீஃபா எண்பது நாள் கழித்துத் திரும்பினாள். தலைமுடியைக் கத்தரித்திருந்தார்கள். வந்த மறுநாள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மா வீட்டில் இல்லை. நான் மெஷின் தட்டைக் கழற்றி, ஓட்டைகளில் காய்ந்திருந்த மாவை ஈர்க்குச்சியால் குத்தி எடுத்துக்கொண்டிருந்தேன். அவள் என் எதிரில் உட்கார்ந்தாள். வெகுநேரம் என் கையையே பார்த்தாள்.

“நீ பயந்துட்டே” என்றாள். “ஹாஜியாரு கொரலக் கேட்டு பயந்து தலைய ஆட்டிட்டே. அங்க கட்டி வெச்சிருந்தப்ப தெனம் அதத்தான் நெனச்சிகினு இருந்தேன். உம்மேல எனக்குக் கோவம் இல்ல சைனம்பு. நீ கூச்சக்காரி. நீ இன்னா பண்ணுவே.”

எண்பது நாள் யோசித்து அவள் கண்டுபிடித்தது இது. எனக்கு வாழ்க்கையில் முதல் முறையாகத் தொண்டை அடைக்கவில்லை.

“பயப்படல” என்றேன். “நூல வெச்சதே நான்தான்.”

அவள் முகத்தைச் சற்றுத் திருப்பி வலது காதை என் பக்கம் கொண்டுவந்தாள். இடது காது கேட்காமல் போய்விட்டது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஆகவே இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னேன். மாடியில் அவள் தொழப் போன நேரத்தைச் சொன்னேன். இந்த ஜனங்கள் எப்படிப்பட்டவர்கள் என்று அவளுக்குக் காட்டவே செய்தேன் என்று விளக்கினேன். அந்த வீட்டுக்குப் போயிருந்தால் ஆயுசு முழுக்க ரோஷன் பீவி உடைத்துக் காட்டச் சுருள் சுருட்டிக்கொண்டிருந்திருப்பாள் என்றேன். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி, ஒவ்வொரு படியாக.

“அவரு...” என்றாள் லத்தீஃபா. குரல் தேய்ந்திருந்தது. “அவரு ஒரு லெட்டராவது போட்டிருக்கலாம்.”

“போட்டாரு. கொண்டாந்து எங்கிட்டதான் குடுத்தாரு. வந்து கூட்டிகினு போறேன்னு எழுதியிருந்தாரு. எரிச்சிட்டேன். அது உனக்கு வேணாம் லத்தீஃபா. இனிமே நாம ரெண்டு பேரும் இங்கயே இருக்கலாம். எங்கிட்ட நோட்டு இருக்குது, படிச்சிக் காட்டறேன்.”

இவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை. அவளுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். பதில் வருவதற்குக் கொஞ்சம் நேரம் ஆகும், அவள் எப்போதும் கணக்கில் மெதுவு. நான் ஈர்க்குச்சியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

லத்தீஃபா தரையில் கையூன்றி எழுந்தாள். கத்தரித்த தலையின் மேல் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்து, வாசற்படி இறங்கிப் போனாள்.